பணிப்பெண்ணின் மகள்: ஒரு வாழ்க்கைப் படமும் அது தரும் பாடமும்

(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் நிகழ்த்திய உரை)

 

வெள்ளி விழாவில் இளைஞர்களுக்காக ஏதேனும் பேச வேண்டும் என்று நம் செயலாளர் கேட்டுக்கொண்டபோது, ஒரு திரைப்படத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். மகிழ்ந்தார். சீன நாட்டு ஊமைப்பட நடிகை ஒருவரின் வாழ்க்கையைக் கூறும் படம் என்றேன். அவர் முகத்தில் மகிழ்ச்சி சற்றே குறைந்தது. "கல்விச் சங்க மேடையில் சீன நடிகை எதற்கு ஐயா?" என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விடை கூறுவதே என் உரையாக அமையட்டும். இறுதியில் விடை கிடைத்ததா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

அந்தப் படம் 1991ஆம் ஆண்டில் ஹாங்காங்கில் உருவானது. இயக்கியவர் ஸ்டான்லி குவான். வெளிநாடுகளில் 'சென்டர் ஸ்டேஜ்' என்ற பெயரில் அது அறியப்படுகிறது. சீன மொழியில் அதன் பெயர், அந்த நடிகையின் பெயரேதான்: ருவான் லிங்யூ. ருவானாக நடித்தவர் மேகி சியுங். அந்த நடிப்பிற்காக 1992ஆம் ஆண்டு பெர்லின் திரைப்பட விழாவில் சிறந்த நடிகைக்கான வெள்ளிக் கரடி விருது அவருக்குக் கிடைத்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பர் வீட்டில் குறுந்தகட்டில் அப்படத்தைப் பார்த்தேன். அழகிய நடிகை ஒருத்தி, காதலில் ஏமாற்றம், இளமையில் மரணம், அதற்கேற்ற கண்ணீர்க் காட்சிகள் என்று எண்ணிக்கொண்டுதான் அமர்ந்தேன். படம் முடிந்தபோது, ஒருவருடைய வாழ்க்கையைப் பற்றிப் பேச நமக்கு என்ன தகுதி இருக்கிறது என்ற கேள்வி என்னை விடாமல் பற்றிக்கொண்டது.

முதலில் அந்தப் பெண்மணி யார் என்று பார்ப்போம்.

ருவான் லிங்யூ 1910ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் ஷாங்காய் நகரில் பிறந்தார். பெற்றோர் தென்சீனத்தின் குவாங்டாங் மாநிலத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். தந்தை அயல்நாட்டு எண்ணெய்க் கம்பெனி ஒன்றின் கிடங்கில் உடலுழைப்புத் தொழிலாளி. மகள் சிறுமியாக இருந்தபோதே அவர் மாண்டுபோனார். கைம்பெண்ணான தாய், சாங் என்னும் செல்வக் குடும்பத்தின் மாளிகையில் வீட்டு வேலைக்குச் சேர்ந்தார். துணி துவைத்தார், தரை துடைத்தார், பிறர் உண்டபின் உண்டார். அப்படி ஈட்டிய கூலியைக்கொண்டு அந்தத் தாய் செய்த முதற்காரியம் என்ன தெரியுமா? மகளைப் பள்ளியில் சேர்த்ததுதான். சோங்தே மகளிர் பள்ளியில் ருவான் படித்தார். தாயார் வேலைக்காரி என்பதைச் சக மாணவியர் அறிந்துவிடக்கூடாதே என்ற அச்சத்துடன் படித்தார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் குறிக்கின்றனர். வகுப்பில் முதல் வரிசையில் இடம் இருந்தும், மனத்தளவில் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளையின் நிலை அது. அதனை நான் விளக்க வேண்டியதில்லை. இந்த மண்டபத்தில் அமர்ந்திருக்கும் பெரியவர்களில் பலர் அதனை என்னைவிட நன்கு அறிவார்கள்.

அந்தச் செல்வக் குடும்பத்தின் இளைய மகன் சாங் தாமின். அவனுடைய கண் இப்பெண்மேல் விழுந்தது. பதினாறு வயதில் படிப்பு நின்றது. முறையான திருமணம் இல்லை. ஆனால் இருவரும் ஒன்றாக வாழ்ந்தனர். மாளிகை வீட்டுப் பிள்ளை வேலைக்காரி மகளை ஊரறிய மணப்பானா? அதே 1926ஆம் ஆண்டில் மிங்சிங் என்னும் படக் கம்பெனி புதுமுக நடிகை தேடியது. ருவான் சென்றார், தேர்வு பெற்றார். பூ வான்சாங் இயக்கிய அவருடைய முதற்படம் 1927இல் வெளிவந்தது. 1930இல் லியன்ஹுவா என்னும் புதிய நிறுவனத்தில் சேர்ந்த பிறகு அவர் புகழ் நாடெங்கும் பரவியது. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளில் முப்பது படங்கள் அளவிற்கு நடித்தார். எல்லாம் ஊமைப் படங்கள். உதட்டில் ஒலி இல்லை. கண், புருவம், விரல், நடை ஆகியவற்றையே மொழியாகக்கொண்டு மக்களை அழ வைத்தார், சிந்திக்க வைத்தார். பூக்காரி, பணிப்பெண், பொம்மை செய்து விற்கும் கிராமத்துத் தாய், ஆலைத் தொழிலாளி, விலைமகள் என அவர் ஏற்றவை பெரும்பாலும் எளிய பெண்களின் வேடங்களே. அவ்வாழ்க்கையை அவர் ஏட்டில் படித்து அறிந்தவர் அல்லர். தாயின் கைகளில் பார்த்து அறிந்தவர்.

தோழர்களே! அவர் நடித்த ஒரு படத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். ஏனெனில், செயலாளரின் கேள்விக்குப் பாதி விடை அதில் இருக்கிறது.

1934ஆம் ஆண்டில் வெளிவந்த அப்படத்தின் பெயர் 'ஷென்னூ'. தெய்வப் பெண் என்பது பொருள். தெருவில் நின்று உடலை விற்கும் பெண்ணையும் அக்காலச் சீன வழக்கில் அதே சொல்லால் மறைவாகக் குறிப்பார்கள். ஒரே சொல்லில் வணக்கமும் இகழ்ச்சியும்! அதுவரை காட்சி அமைப்பாளராகப் பணியாற்றிய வூ யோங்காங் என்னும் இளைஞர் இயக்கிய முதற்படம் அது.

கதையில் அப்பெண்ணுக்குப் பெயர்கூட இல்லை. இரவில் தெருவில் நிற்கிறாள். பகலில் கைக்குழந்தையைக் கொஞ்சுகிறாள். சூதாடி ஒருவன் அவளை மிரட்டி அடிமைபோல் வைத்து, அவள் ஈட்டியதைப் பறிக்கிறான். அவனுக்குத் தெரியாமல் சுவரில் ஒரு கல்லைப் பெயர்த்து, அந்தப் பொந்தில் கொஞ்சம் பணம் ஒளித்து வைக்கிறாள். எதற்காக? மகனின் படிப்பிற்காக. மகன் பள்ளியில் சேர்கிறான். நன்றாகப் படிக்கிறான். பள்ளி விழாவில் மேடையேறிப் பாடுகிறான். கீழே அமர்ந்திருக்கும் தாயின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! உலகத்து இன்பம் முழுவதும் அந்த முகத்தில் வந்து குடியேறிவிட்டது. அதே நேரத்தில் பின்வரிசையில் ஒருத்தி அவளை அடையாளம் கண்டு பக்கத்திலிருப்பவள் காதில் ஏதோ சொல்கிறாள். அவள் அடுத்தவள் காதில் சொல்கிறாள். வரிசை வரிசையாகக் காது விட்டுக் காது அந்தச் சொல் நகர்கிறது. ஊமைப் படம் அது. ஒரு சொல்லும் நமக்குக் கேட்பதில்லை. ஆனால் என்ன சொன்னார்கள் என்பது நமக்கு நன்றாகவே தெரிகிறது!

மறுநாள் பள்ளிக்குக் கடிதங்கள் வருகின்றன. இப்படிப்பட்டவளின் பிள்ளையோடு எங்கள் பிள்ளைகள் ஒன்றாக அமரலாமா என்று கேட்கின்றன. தலைமை ஆசிரியர், வயது முதிர்ந்தவர், நேரில் விசாரிக்க அவள் வீட்டுக்குச் செல்கிறார். அவள் மறைக்கவில்லை. தான் எப்படி வாழ்ந்தாலும் தன் பிள்ளை நல்லவனாக வாழக்கூடாதா என்று மன்றாடுகிறாள். திரும்பி வந்த ஆசிரியர் நிர்வாகக் குழுவின் முன் நிமிர்ந்து நிற்கிறார். தாயின் நிலைக்குச் சமுதாயமே காரணம் என்றும், கல்வி பெறும் உரிமை அந்தக் குழந்தைக்கு உண்டு என்றும், அதனைக் காப்பதே பள்ளியின் கடமை என்றும் வாதிடுகிறார். குழு கேட்கவில்லை. சிறுவன் வெளியேற்றப்படுகிறான். ஆசிரியர் அக்கணமே தம் பதவியைத் துறந்து வெளியேறுகிறார்.

முடிவில், படிப்பிற்காக ஒளித்து வைத்த பணத்தையும் சூதாடி திருடிவிட, அவள் ஆத்திரத்தில் அவனைத் தாக்க, அவன் இறக்கிறான். பன்னிரண்டு ஆண்டுச் சிறைத் தண்டனை. சிறைக்குத் தேடி வந்த அதே ஆசிரியர், பிள்ளையைத் தாம் வளர்த்துப் படிக்க வைப்பதாக வாக்களிக்கிறார். அவள் கேட்பது ஒன்றே: தாய் இறந்துவிட்டாள் என்று பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள், இப்படி ஒரு தாய் இருந்த நினைவு அவனுக்கு வேண்டாம்.

90 ஆண்டுகளுக்கு முன் ஷாங்காயில் எடுத்த கதை இது. இதற்கு நான் உரை எழுதப் போவதில்லை. ஒரு பிள்ளையின் தாய் யார், தந்தை என்ன தொழில் செய்கிறார் என்று கேட்டுவிட்டுப் பள்ளிக் கதவைத் திறப்பதா மூடுவதா என்று முடிவு செய்யும் வழக்கம் எந்த நாட்டில் இருந்தாலும் அதன் முகம் ஒன்றே.

இனி அந்த நடிகையின் சொந்த வாழ்வுக்கு வருவோம். திரையில் காது விட்டுக் காது நகர்ந்ததே ஒரு சொல், அது திரையைவிட்டு இறங்கி அவரையே சூழ்ந்துகொண்ட கதை அது.

சாங் தாமின் குடும்பச் சொத்தைச் சூதாட்டத்தில் அழித்தான். அதன்பின் ருவானின் சம்பளத்தில் வாழ்ந்தான். 1932 ஜனவரியில் ஜப்பானியப் படை ஷாங்காயைத் தாக்கியபோது ருவான் ஹாங்காங் சென்றார். அங்கே தாங் ஜிஷான் என்னும் தேயிலை வணிகரின் பழக்கம் ஏற்பட்டது. 1933இல் சாங்கோடு எழுத்து மூலம் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு பிரிந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 100 யுவான் வரை அவர் அவனுக்குக் கொடுக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. வேலைக்காரி மகளின் உழைப்பு, மாளிகை வீட்டுப் பிள்ளைக்கு மானியமாகப் போயிற்று! அந்தத் தவணை முடியும் வேளையில் அவன் நீதிமன்றம் ஏறினான். ருவான்மீதும் தாங் மீதும் வழக்குத் தொடுத்தான். பத்திரிகைகளுக்குத் தீனி கிடைத்தது.

இதே வேளையில் சாய் சூஷெங் இயக்கிய 'புதிய பெண்' என்ற படம் 1935 பிப்ரவரியில் வெளிவந்தது. ஐ ஷியா என்னும் நடிகை 1934இல் தற்கொலை செய்துகொண்டார். அவருடைய வாழ்வை அடியொற்றிய கதை இது. படித்த பெண் ஒருத்தி. இசை ஆசிரியை, எழுத்தாளர். நோயுற்ற மகளைக் காக்கப் பணமின்றி, வழியெல்லாம் அடைபட்டு, இறுதியில் நஞ்சருந்துகிறாள். ஆனால் மருத்துவமனைப் படுக்கையில், சாவின் விளிம்பில், தான் வாழ வேண்டும் என்று கதறுகிறாள். அவள் மானத்தை விற்றுப் பிழைக்கும் செய்தியாளன் ஒருவனும் அக்கதையில் வருகிறான். ஷாங்காயின் பத்திரிகையாளர்கள் சினந்தெழுந்தார்கள். காட்சிகளை வெட்ட வேண்டும், கம்பெனி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சங்கம் கூடி வற்புறுத்தினார்கள். படம் எடுத்தவர்மீது இருந்த கோபம், படத்தில் நடித்தவர்மேல் இறங்கியது. அவருடைய வழக்கு, அவருடைய வீடு, அவருடைய படுக்கையறை எல்லாம் அச்சேறின.

வழக்கு விசாரணைக்குக் குறித்த நாள் 1935 மார்ச் 9. அதற்கு முந்திய நாள், மார்ச் 8, உலக மகளிர் தினம். அன்று ருவான் லிங்யூ தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வயது 24. ஷாங்காய்த் தெருக்களில் பல்லாயிரக்கணக்கான மக்கள் கூடி அவருடைய இறுதி ஊர்வலத்தைக் கண்ணீரோடு பார்த்தார்கள். உயிரோடிருந்தபோது அவரைப் பற்றிய வம்பைக் காசு கொடுத்து வாங்கிப் படித்தவர்களும் அக்கூட்டத்தில் இருந்திருப்பார்கள் அல்லவா?

அன்பர்களே! அரை நூற்றாண்டுக்குப் பிறகு இப்படியொரு வாழ்வைப் படமாக்க முனைந்த இயக்குநருக்கு எவ்வளவு பெரிய சோதனை காத்திருந்தது என்று எண்ணிப் பாருங்கள். கண்ணீர் சிந்த வைக்கக் காட்சிகள் வேண்டிய மட்டும் இருக்கின்றன. காதலன், வணிகர், வழக்கு, சாவு. ஆனால் அவற்றை மட்டும் சுவைபடக் காட்டினால், 1935இல் அந்தப் பத்திரிகைகள் செய்த வேலையையே அவரும் செய்தவர் ஆகமாட்டாரா?

ஸ்டான்லி குவான் இந்த ஆபத்தை உணர்ந்திருந்தார். ஆகவே அவர் தம் படத்தை மூன்று இழைகளால் நெய்தார். ஒன்று, மேகி சியுங் முதலியோர் நடிக்க, ருவானின் வாழ்வை வண்ணத்தில் காட்டும் கதை. இரண்டாவது, ருவானே நடித்து இன்றும் எஞ்சியிருக்கும் பழைய படங்களின் துண்டுகள். மூன்றாவது, இயக்குநரும் நடிகர்களும் கேமராவின் முன் அமர்ந்து, தாம் ஏற்ற பாத்திரங்களைப் பற்றித் தமக்குள் பேசிக்கொள்ளும் கறுப்பு வெள்ளைப் பகுதிகள். ருவானோடு பழகிய லி லிலி, சென் யான்யான் போன்ற நடிகையர் முதிர்ந்த வயதில் தம் நினைவுகளைக் கூறும் இடங்களும் உண்டு.

படத்தின் தொடக்கத்திலேயே இயக்குநர் மேகியிடம் ஒரு கேள்வி கேட்கிறார். 50 ஆண்டுகள் கழித்தும் மக்கள் உங்களை நினைக்க வேண்டும் என்று விரும்புகிறீர்களா? மேகி சிந்தித்துவிட்டு, நினைப்பதும் மறப்பதும் தமக்கு அவ்வளவு முக்கியமில்லை என்கிறார். ருவான் புகழின் உச்சியில், 24 வயதில் நின்றுபோனார். தம்மை நினைத்தாலும் அப்படி நினைக்கமாட்டார்கள் என்கிறார். எவ்வளவு நிதானமான விடை! இளமையில் இறந்தவர்களைப் பொன்னாடை போர்த்திப் போற்றுவது எளிது. உயிரோடிருந்து, முதுமையடைந்து, தவறுகள் செய்து, திருந்தி, வேலை செய்துகொண்டிருப்பதே அரிது. அந்த அரிய செயலின் பக்கம் நிற்கிறார் மேகி.

அடுத்து, அந்தப் படம் ருவானின் தொழிலுக்குத் தரும் இடம். அவர் யாரை விரும்பினார் என்பதைவிட, எப்படி உழைத்தார் என்பதைக் காட்டவே இயக்குநர் ஆர்வம் கொள்கிறார். பனியில் வாடும் தாயாக நடிக்க வேண்டுமென்றால், பனியின் குளிர் எப்படியிருக்கும் என்று தம் உடலால் அறிய, அதன்மேல் சென்று படுக்கிறார் ருவான். 'ஷென்னூ' படத்தில் அந்தப் பெயரில்லாத் தாய் சூதாடியின் அறையில் மேசைமீது ஏறி அமர்ந்து புகைபிடிக்கும் காட்சி ஒன்று உண்டு. அதனை மேகி நடித்துக் காட்டுகிறார். உடனே ருவான் நடித்த அசல் காட்சியும் திரையில் வருகிறது. அருகருகே! போலிக்கும் அசலுக்கும் உள்ள வேறுபாட்டைத் தாமே வெளிப்படுத்திவிடுகிறார் இயக்குநர். நான் காட்டுவது ருவான் அல்லர், ருவானைப் பற்றிய என் முயற்சி. ருவான் இதோ இருக்கிறார், பாருங்கள் என்று நம்மிடம் கூறுவது போலிருக்கிறது அது.

என் உள்ளத்தைத் தைத்த இடம் ஒன்று உண்டு. 'புதிய பெண்' படத்தின் மருத்துவமனைக் காட்சி படமாக்கப்படுகிறது. காட்சி முடிந்தும் ருவானால் அழுகையை நிறுத்த முடியவில்லை. படுக்கை விரிப்பைத் தலைமேல் இழுத்துப் போர்த்திக்கொண்டு விம்முகிறார். இயக்குநர் சாய் அருகில் செயலற்று அமர்ந்திருக்கிறார். அப்பொழுது நாம் பார்த்துக்கொண்டிருக்கும் காட்சியின் எல்லை விரிகிறது. இன்னொரு கேமரா தெரிகிறது. 1991ஆம் ஆண்டின் படப்பிடிப்புக் குழு தெரிகிறது. சாயாக நடிக்கும் டோனி லியுங் காஃபாயிடம், விரிப்பைத் தூக்கி மேகியைப் பார்க்க மறந்துவிட்டீர்களே என்று ஸ்டான்லி குவானின் குரல் கேட்கிறது. ஆனால் விரிப்பின் உள்ளே விம்மல் இன்னும் நிற்கவில்லை. அழுவது யார்? கதாநாயகியா, ருவானா, மேகியா? ஒரு பெண்ணின் துயரத்தை அடுத்தவர் எவ்வளவு தூரம் அறிய முடியும்? விரிப்பைத் தூக்கிப் பார்க்க நமக்கு உரிமை உண்டா? இத்தனை கேள்விகளையும் ஒரு சொல்லும் கூடுதலாகச் சொல்லாமல் அந்தக் காட்சி கேட்டுவிடுகிறது.

ருவான் நடித்த படங்களில் பெரும்பாலானவை அழிந்துபோயின. அக்காலப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும். தானே சிதைந்தும் போகும். போர்கள் வேறு வந்தன. அப்படி அழிந்த படங்களின் காட்சிகளை நடித்துக் காட்டும்போது, இந்தப் படம் இப்போது கிடைக்கவில்லை என்று திரையிலேயே எழுத்தில் அறிவிக்கிறார் இயக்குநர். இந்த நேர்மையைக் கவனியுங்கள். ஓட்டையைச் சுண்ணாம்பு பூசி மறைக்காமல், இங்கே ஓட்டை இருக்கிறது என்று காட்டுவதற்குத் துணிவு வேண்டும். ருவான் நடித்த 'காதலும் கடமையும்' என்னும் 1931ஆம் ஆண்டுப் படம் அழிந்துவிட்டதாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. பின்னர் 1990களில் உலகின் மறுகோடியில், தென் அமெரிக்காவின் உருகுவே நாட்டில் ஒரு பிரதி கிடைத்தது. இப்போது தைவானின் திரைப்படக் காப்பகத்தில் அது பாதுகாக்கப்படுகிறது. தேடுகிறவர் இருந்தால், தொலைந்ததும் ஒரு நாள் திரும்பி வரும்.

ருவான் மறைந்தபின் அவருடைய கடைசிக் கடிதங்கள் என்று சில வெளியாயின. மக்களின் வம்புப் பேச்சு அஞ்சத்தக்கது என்னும் கருத்துடைய சொற்றொடர் அதனால் சீனமெங்கும் பரவியது. அக்கடிதங்களை அவர்தாம் எழுதினாரா என்று பிற்கால ஆய்வாளர்கள் ஐயம் எழுப்பியிருக்கிறார்கள். கடைசிச் சொல்லைக்கூட அவருக்குச் சொந்தமாக விட்டுவைக்கவில்லை பாருங்கள்! ஆனால் அந்தச் சொற்றொடரை வைத்து, சீனத்தின் பேரெழுத்தாளர் லூ ஷுன் 1935இலேயே ஒரு கட்டுரை எழுதினார். அவர் உரைத்த கருத்து இது: வலிமை மிக்கவர்களுக்கு முன்னால் பத்திரிகை நடுங்குகிறது, வலிமையற்றவர்களுக்கு முன்னால் அதுவே பெரும் வல்லமை பெற்றுவிடுகிறது. ருவானைப் போன்றவருக்குப் புகழ் உண்டு, அதிகாரம் இல்லை. எல்லோருக்கும் தெரிந்தவர், தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் வழியில்லாதவர். வம்பர்களுக்கு அவரைவிட ஏற்ற இரை ஏது?

மாணவச் செல்வங்களே! இந்தக் கருத்தை நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள். வதந்தி எப்போதும் மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கியே பாய்கிறது. பணக்காரர் வீட்டுப் பெண்ணைப் பற்றிப் பேசத் தயங்கும் நாக்கு, ஏழை வீட்டுப் பெண் படித்து முன்னேறினால் தயங்குவதில்லை. அன்று அதற்கு அச்சகம் தேவைப்பட்டது. இன்று உங்கள் சட்டைப் பையிலிருக்கும் கைப்பேசியே அச்சகம். ஒரு பெண்ணைப் பற்றி ஒரு செய்தி உங்கள் கைக்கு வரும்போது, அந்தப் பள்ளி விழாவில் காது விட்டுக் காது நகர்ந்த சொல்லை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வரிசையில் நீங்கள் ஒருவர். உங்களோடு அது நிற்கட்டும். அடுத்த காதுக்குப் போக வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ருவானின் சாவை யாரும் வீரம் என்று எண்ணிவிடலாகாது. அது பேரிழப்பு. மேலும் 50 ஆண்டுகள் அவர் வாழ்ந்திருந்தால் பேசும் படங்களில் என்னென்ன செய்திருப்பாரோ! அவர் நடித்த கடைசிப் பாத்திரங்களுள் ஒன்று, வாழ வேண்டும் என்றுதான் கதறியது. அந்தக் கதறலுக்கு நாம் செவி சாய்க்க வேண்டும். உங்களில் யாருக்கேனும் பழிச்சொல்லாலோ அவமானத்தாலோ உலகமே இருண்டுபோனதுபோல் தோன்றினால், ஒரு நாள்கூடத் தனியாகச் சுமக்காதீர்கள். தாயிடம் சொல்லுங்கள், ஆசிரியரிடம் சொல்லுங்கள், இந்தச் சங்கத்தின் கதவைத் தட்டுங்கள். நள்ளிரவானாலும் திறப்பதற்குத்தான் இப்பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

நம் சங்கத்தின் 25 ஆண்டு வரலாற்றை இம்மலரில் தொகுக்கிறோம். இரவுப் பள்ளிக்கு விளக்கெண்ணெய் கொடுத்த பாட்டி யார், முதல் மாணவனுக்குக் கட்டணம் கட்டிய கூலித் தொழிலாளி யார் என்று கேட்டால், சில பெயர்கள் கிடைக்கின்றன, சில கிடைக்கவில்லை. கிடைக்காத இடத்தில் கற்பனையை இட்டு நிரப்பாதீர்கள். ஸ்டான்லி குவானைப் போல, இங்கே ஒரு பெயர் தொலைந்திருக்கிறது என்று நேர்மையாக எழுதுங்கள். எழுதிவிட்டுத் தேடுங்கள். முதியவர்கள் இருக்கும்போதே அவர்கள் அருகில் அமர்ந்து கேளுங்கள். ஒருவரைப் பற்றி எழுதும்போது, ஊர் அவரைப் பற்றி என்ன பேசியது என்று எழுதாதீர்கள். அவர் என்ன வேலை செய்தார், எப்படிச் செய்தார் என்று எழுதுங்கள்.

செயலாளர் அவர்களே! கல்விச் சங்க மேடையில் சீன நடிகை எதற்கு என்று கேட்டீர்கள். ஷாங்காய் மாளிகை ஒன்றில் தரை துடைத்த ஒரு தாய், தன் மகளின் கையில் புத்தகத்தைக் கொடுத்தாள். அந்த மகள் திரையில் ஒரு தாயாகி, சுவர்ப் பொந்தில் காசு சேர்த்துத் தன் மகனைப் பள்ளிக்கு அனுப்பினாள். அந்தப் பள்ளி அவனை வெளியே தள்ளியபோது ஒரே ஒரு ஆசிரியர் அவன் பக்கம் நின்றார். அந்த ஒரே ஒரு ஆசிரியரின் இடத்தில், 25 ஆண்டுகளாக, நம் சங்கம் நின்றுகொண்டிருக்கிறது. இனி அங்கே நிற்க வேண்டியவர்கள், இளைஞர்களே, நீங்கள்.